கொதிக்கவைத்த தண்ணீர் குடித்தவனுக்கும் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், 'மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு வரும் தொற்றுகளுக்குப் பெரும்பாலும் அவர்களது சுத்தக்குறைவே காரணம்' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, மாற்றுச் சிறுநீரகம் பெற்ற என் தம்பி பத்திரிகையை மடித்து வைத்தான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. ஆறு வருடமாக அவன் மனைவி கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அவனுக்குக் கொடுத்ததில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைக்கூட அவன் டிவியில்தான் பார்க்கிறான்.

சோழவந்தானில் எங்களுக்குக் கொஞ்சம் நெல்வயல் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் கட்டிவிட்டது. மடை திறந்துவிட ஆள் கிடைக்கவில்லை. அவனே வெறுங்காலோடு இறங்கினான். குதிகாலில் பித்தவெடிப்பு வேறு. இரண்டு வாரத்தில் காய்ச்சல், இருமல். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் காசநோய் என்று மாத்திரை தொடங்கினார்கள். அதிலுள்ள ரிஃபாம்பிசின், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. சிறுநீரகம் சோர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின், 1.2 இருந்தது 2.6 ஆனது. காய்ச்சலோ விடவில்லை. சளியில் வளர்ந்த கிருமியைச் சூடோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியா என்று ஓர் ஆய்வகம் தவறாக எழுதிக் கொடுத்தது. ஐந்து வாரம் அலைந்த பிறகு, வெளியூரில் ஒரு மருத்துவர்தான் மெலியாய்டோசிஸ் என்றார். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா அது. இதில் எங்கள் வீட்டின் சுத்தக்குறைவு எங்கே இருக்கிறது, ஐயா?

விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரு மருத்துவர்கள் 1911இல் ரங்கூனில் கண்டறிந்த நோய் இது. நூறு வருடம் தாண்டிவிட்டது. நாங்கள் ஏறி இறங்கிய படிகளில் முதல் ஐந்து வாரம் அந்தப் பெயரை எடுத்தவர் ஒருவருமில்லை. தங்கள் பக்கத்தில் எழுத வேண்டியது அதுவல்லவா? மெரோபெனம் ஊசி இரண்டு வாரத்துக்கு மேல், பிறகு மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. பிழைத்துக்கொண்டான். கிரியேட்டினின் மட்டும் 1.8க்குக் கீழே இறங்கவே இல்லை.

அறுவை நடந்தபோது தங்கள் நிருபர் வந்தார், பூங்கொத்தோடு படம் எடுத்தார். அதற்குப் பிறகு இவர்கள் எப்படி மாத்திரை வாங்குகிறார்கள், எப்படிக் காய்ச்சலுக்குப் பயந்து வாழ்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தச் செய்தியிலும், சிறுநீரகம் கொடுத்தவர் மாமியார் என்று அச்சாகியிருந்தது. கொடுத்தவர் எங்கள் அம்மா. திருத்தம் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அந்த நறுக்கை அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். சென்ற தை மாதம் காலமாகும் வரை, வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக்காட்டி, "நான் அவனுக்கு மாமியாரா?" என்று கேட்பார்.

நான் மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. புரட்டாசி முடிவதற்குள் நான்கு வரி போடுங்கள். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்கள் வயல்சேற்றில் இறங்க வேண்டாம். இறங்கியே ஆக வேண்டுமானால் ரப்பர் பூட்ஸும் கையுறையும் வேண்டும். காய்ச்சல் வந்தால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். மெலியாய்டோசிஸ் சந்தேகத்தை ஆய்வகத்துக்கும் எழுதித் தரக் கேட்க வேண்டும். இடம் இருந்தால், கொடுத்தவர் தாய் என்ற அந்தத் திருத்தத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சோழவந்தான்