சனிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தை இளைஞர் பொறுப்பில் திறக்க வேண்டி மனு

பெறுநர்:
அருங்காட்சியகப் பொறுப்பு அதிகாரி அவர்கள், டர்பன், தென்னாப்பிரிக்கா.

அனுப்புநர்:
சாட்ஸ்வொர்த் பகுதிப் பெற்றோரும் மாணவர்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து முன்பு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறோம். தங்கள் பணிச்சுமையை அறிவோம். ஆனாலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

1. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் இங்கே வந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து இப்படி வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். அவர்கள் கதையை அவர்கள் வழிவந்த பிள்ளைகளே பார்வையாளர்களுக்கு எடுத்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

2. எங்களை மிகவும் வருத்துவது திறப்பு நேரம். பள்ளி விடுவது இரண்டரை மணிக்கு. பலர் சேர்ந்து போகும் டாக்ஸி நிரம்பினால்தான் கிளம்பும் என்பது தாங்கள் அறியாததல்ல. பிள்ளைகள் நகருக்கு வந்து, இறங்கிய இடத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேரும்போது காவலர் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை அடைப்பு. ஞாயிறும் அடைப்பு. பள்ளி விடுமுறையில் வந்தால் ஊழியர்கள் விடுப்பில் இருக்கிறார்கள். பிறகு எந்த நாளில்தான் வருவது? கொட்டும் மழையில் பெண் பிள்ளைகள் படியில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். போகவர டாக்ஸிக் கட்டணம், தாய்மார்கள் மளிகைச் செலவில் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணம். பூட்டைப் பார்த்துவிட்டு வருவதற்கா அதைக் கொடுத்தோம்?

3. பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடலிலுள்ள தழும்பு எல்லாம் எழுதப்பட்டிருப்பதும், அவற்றைக் கொண்டு ஒருவரைத் தேடும் முறையும் இவர்களுக்குத் தெரியும். எங்கள் மாணவி ஒருத்தி தன் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து வந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தாள். 1960களில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட பெரியவர்கள் இன்று எண்பதை எட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ஓர் அமைதியான அறை கேட்டோம். அறை கிடைக்கவில்லை. பேசச் சம்மதித்திருந்த ஆயா ஒருவர் இறந்துவிட்டார். அவர் சொல்லவிருந்ததை இனி யாரிடம் கேட்பது?

4. விழா நாளில் நாற்காலி போடவும், விருந்தினருக்கு மாலை எடுத்துக் கொடுக்கவும் மட்டும் எங்கள் பிள்ளைகள் வேண்டும். எதைக் காட்சிக்கு வைப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலியும் கிடையாது. சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தபோது அவருக்கு வயது 16. அவர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அதே வயதுப் பிள்ளைகளை நம்பி ஓர் அறையைக் கொடுக்க மறுப்பது என்ன நியாயம் ஐயா?

5. சனிக்கிழமை காலை 9 முதல் 1 மணி வரை. ஊழியர் ஒருவர் உடனிருந்தால் போதும்.

மீண்டும் பணிவுடன் கேட்கிறோம்: சனிக்கிழமைகளில் கதவைத் திறந்துவிடுங்கள். சுற்றிக்காட்டும் பொறுப்பையும், பாரக்ஸ் பற்றிய ஒரு காட்சியை அமைக்கும் பொறுப்பையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். முடியாதென்றால் அதையாவது காரணத்துடன் எழுத்தில் தெரிவியுங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
சாட்ஸ்வொர்த் பெற்றோரும் மாணவர்களும்