லோகோ எதில் அச்சாகப் போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராமேஸ்வரம் முதல் சாயல்குடி வரை கருவாடு, கருப்பட்டி, முண்டு மிளகாய் என்று பொட்டலம் போட்டு விற்கும் வீட்டுத் தொழில்கள் பெருகியிருக்கின்றன. லோகோவை டிசைனரிடம் கொடுப்பதா, செல்போனிலேயே போட்டுக்கொள்வதா என்பதைப் பெரும்பாலோர் கூலியை வைத்தே முடிவு செய்கிறார்கள். அது எதில் அச்சாகப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் முகப்படம், பில், ஸ்டிக்கர் லேபிள், இவ்வளவுதான் என்றால் நாமே போடலாம். படம் வேண்டாம், பெயரை மட்டும் ஒரே நிறத்தில் போடுங்கள். ஹிந்த் மதுரை, முக்தா மலர் போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்துகளை வெக்டர் வடிவமாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். மாற்றாமல் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் வேறு எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செல்போன் செயலியில் செய்த 500 பிக்சல் பிஎன்ஜி படம், அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சில் 4 செ.மீ. சொச்சம்தான் தெளிவாக வரும். அதையே 10 அடி ஃப்ளெக்ஸுக்கு இழுத்தால் அடிக்கு 50 பிக்சல்; ஓரமெல்லாம் படிக்கட்டாகிவிடும். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் இன்னும் குறையும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்.

தமிழ் லோகோவில் அதிகம் கெடுவது புள்ளி. ‘பனங்கருப்பட்டி’யில் மூன்று புள்ளி. மெல்லிய எழுத்தில் 3 செ.மீ. அகலத்துக்கு ஸ்கிரீன் பிரிண்ட் போட்டால், ஒன்று மை இறங்கும் சல்லடைத் துணியான மெஷ்ஷில் புள்ளியே விழாது, இல்லை மை பரவி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பொட்டலத்தில் ‘பனஙகருபபடடி’ என்றிருக்கும். புள்ளி பெரிதாகவும் எழுத்திலிருந்து விலகியும் இருக்கும் எழுத்துருவாகப் பாருங்கள். லேபிளில் எடை, விலை, தேதி, உரிம எண் எல்லாம் போக லோகோவுக்குக் கிடைப்பது கொஞ்ச இடம்தான். ஆகவே 2 செ.மீ. அகலத்தில் அச்செடுத்து, கை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

நிறத்திலும் ஏமாற்றம் உண்டு. திரையில் ஒளிரும் கடல்நீலம் நான்கு மை அச்சில் மங்கிவிடும். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரைந்து போகும் அலங்காரத்தை துணிப்பையில் ஒற்றை நிற மையால் அச்சடிக்க வழியில்லை.

பவுச் (பெயர் அச்சிட்ட பிளாஸ்டிக் உறை) அச்சடிக்கும் அளவுக்கு வியாபாரம் வந்துவிட்டால் டிசைனரைத் தேடுவதே லாபம். பவுச்சுக்கான கிராவூர் அச்சில், படம் செதுக்கிய உலோக உருளை நிறத்துக்கு ஒன்று வேண்டும்; அதுதான் சிலிண்டர். செதுக்கிய பிறகு திருத்தம் என்றால் சிலிண்டர் செலவு மறுபடியும். வர்த்தக முத்திரை பதிவு செய்வதாக இருந்தாலும் அப்படியே. கேன்வா என்ற டிசைன் செயலியின் தயார் லோகோ யாருக்கும் தனி உரிமை ஆகாது, அதே படத்தைத் தொண்டியிலும் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ‘ராமேஸ்வரம் கருவாடு’ என்று ஊரும் பொருளும் மட்டுமே உள்ள பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். பழைய பாம்பன் பாலத்தைத்தான் கடைக்குக் கடை வரைந்திருக்கிறார்களே, அதில் தனி அடையாளம் ஏது? முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதற்காக, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதியாமல் அந்த முத்திரையை லேபிளில் சேர்ப்பதும் கூடாது. வர்த்தக முத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில், பொருளுக்குரிய வகுப்பில் முன்பே தேடிப் பார்ப்பது இலவசம்: கருவாடு 29-ஆம் வகுப்பு, கருப்பட்டியும் மிளகாய்த்தூளும் 30. தனிநபர், சிறுதொழிலுக்கு இணைய வழிக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும்.

டிடிபி கடையில் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள் தெரிந்தவர் எல்லாம் லோகோ டிசைனர் இல்லை. யாரிடம் கொடுத்தாலும் வெக்டர் கோப்பு, ஒற்றை நிற வடிவம், நிற எண்கள், எழுத்துருவின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கூலி கொடுத்ததாலேயே பதிப்புரிமை நம்முடையது ஆகிவிடாது. வெளி ஆள் வரைந்தது என்றால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றுக் கடிதம் வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும்.

மாவட்டத் தொழில் மையமும் மகளிர் திட்டமும் நடத்தும் பயிற்சிகளில் இதற்கு அரை நாள் ஒதுக்கி, வருபவர்களின் சொந்த லேபிளை அங்கேயே சிறிய அளவில் அச்சிட்டுக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லேபிள் அச்சுத் தொழில் செய்வோர்,
ராமநாதபுரம்.