நம் கல்லூரிக்கு ஒரு ஹாக்கி அணி: முன்னாள் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

ஹாக்கிக்குப் பெயர்போன கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஹாக்கி அணி இல்லாத கல்லூரி என்றால், கடலைமிட்டாய் இல்லாத பெட்டிக்கடை மாதிரிதான். இத்தனை வருடம் நாமும் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். இந்த வருடம் கல்லூரி நிர்வாகம் சம்மதித்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு: முதல் மூன்று வருடச் செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் ஒரு அண்ணன் எழுந்து, "வகுப்பில் ஃபேன் சுற்றவில்லை, இதில் ஹாக்கி ஒரு கேடா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஃபேன் மாட்டுவது நிர்வாகத்தின் கடமை, அதைக் கேட்டு வாங்கலாம். அணி அப்படி இல்லை, நாம் கை கொடுக்காவிட்டால் வராது.

இங்குள்ள பையன்கள் ஆறாம் வகுப்பிலேயே ஸ்டிக் பிடிக்கிறார்கள். மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன். கார்த்தி அரியலூர்க்காரர், பயிற்சி இங்கேதான். இருவரும் 2022ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார்கள். அவர்கள் அளவுக்குப் போகாதவர்கள் என்ன ஆகிறார்கள்? பிளஸ் டூ முடித்ததும் இரண்டு மூன்று பேருக்குச் சென்னையில் இடம் கிடைக்கிறது. மீதிப் பேர் நம்மிடம் பி.காம். சேர்ந்து, ஸ்டிக்கைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடினால்தான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. அங்கிருந்து தென்மண்டலம், அப்புறம் அகில இந்தியப் போட்டி. ரயில்வேயோ வங்கியோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது எந்த அளவில் ஆடினாய் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நம் பையன்களுக்கு முதல் படியே இல்லை.

மைதானம்தான் பெரிய தலைவலி. நம்முடையது கரிசல் மண். மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும், வெயிலில் வெடித்துப் பிளக்கும், பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. செம்மண் அடித்து ரோலர் ஓட்டித் தருவதாக நம் நண்பர் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். மண்ணில் மட்டும் பழகினாலும் போதாது. 1976ல் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்லில் நடந்தபோது, இந்தியாவே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. சொந்தமாகப் புல்தரை போடக் கோடிகள் வேண்டும், அந்த ஆசை நமக்கு இல்லை. வாரம் இரண்டு நாள் கோவில்பட்டி கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் மைதானத்தில் பழக அனுமதி கேட்டிருக்கிறோம்.

முதல் வருடத்துக்கு 7,07,000 ரூபாய் ஆகும். பதினெட்டு பேருக்கு ஸ்டிக், ஷூ, ஜெர்சி, பந்து, இரண்டு கோல்கீப்பர்களுக்குப் பேடு, ஹெல்மெட், மார்புக் கவசம் எல்லாம் சேர்த்து 2,57,000. கோல்கீப்பர் செட் ஒன்றே நாற்பதாயிரம். அதில் மிச்சம் பிடித்தால் அடிபடுவது பையனின் உடம்பு. பயிற்சியாளருக்குப் பத்து மாதத்துக்கு 1,50,000, பயணத்துக்கு 1,20,000. மீதி 1,80,000 முழுக்க முட்டை, பால், வாழைப்பழம், சுண்டல். "சாப்பாட்டுக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்கள், காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரும் பையன்களை ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

இதுவரை 61 பேர் தந்தது 2,35,000.

பெண்கள் அணி ஏன் இல்லை என்று குழுவுக்குள்ளேயே சண்டை. பணம் இரண்டுக்கும் காணாது என்பதால் அடுத்த வருடம் என்று முடிவானது. எங்கள் பொருளாளர் அக்கா இன்னும் சமாதானம் ஆகவில்லை. கூடுதலாக வசூலானால் இந்த வருடமே தொடங்கிவிடுவோம்.

பணத்தை உங்கள் வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுத்து, சங்கத்தின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வருமான வரிச் சலுகை கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கணக்கு மாதாமாதம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பரணில் பழைய மர ஸ்டிக் இருந்தால் அதையும் கொடுங்கள், பயிற்சிக்கு ஆகும். ஆடி முடிவதற்குள் பாதிப் பணமாவது கையில் இருந்தால்தான் கோல்கீப்பர் செட்டுக்கு முன்பணம் கட்ட முடியும்.

இப்படிக்கு,
ஹாக்கி அணி அமைப்புக் குழு,
முன்னாள் மாணவர் சங்கம்