குறை ஸ்லாக்கில் இல்லை, கம்பியில்: மல்டி பாஸ் என்று விற்ற வெல்டிங் கம்பி குறித்த புகார்

அனுப்புநர்: வெல்டிங் பட்டறை உரிமையாளர், பட்டுக்கோட்டை
பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 0.8 மி.மீ. கேஸ் தேவைப்படாத ஃபிளக்ஸ் கோர் (உள்ளே மருந்துப் பொடி அடைத்த) கம்பி, 5 கிலோ ஸ்பூல் மூன்று – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். உங்கள் கம்பியில் போட்ட வெல்டில் விரிசல் விழுந்தது என்று நான் எழுதிய முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் ஒரே வரி: "ரன்களுக்கு இடையில் ஸ்லாக்கைச் சரியாக நீக்காததே விரிசலுக்குக் காரணம்." இருபத்திரண்டு வருடமாக ராடு பிடிக்கிறவனிடம் உனக்கு வெல்டு மேல் படிகிற கசடை, அதாவது ஸ்லாக்கை, தட்டத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

வேலை, டிராக்டர் டிரெய்லரின் கொக்கிப் பிளேட். 12 மி.மீ. தகடு, விளிம்பை வி வடிவில் வெட்டி, அடியில் ரூட் ஒன்று, நடுவில் ஃபில்லிங் இரண்டு, மேலே கேப்பிங் ஒன்று என்று நான்கு ரன், அதாவது நான்கு வெல்டு அடுக்கு. வழக்கமாக இ7018 ராடில் முடிக்கிற வேலைதான். வயலுக்கே போய்ச் செய்கிற வேலை இப்போது அதிகம். காற்றடித்தால் வெல்டைக் காக்கிற சிஓ2 கேஸ் நிற்காது. அதனால்தான் கேஸ் வேண்டாத கம்பி தேடினேன். உங்கள் விற்பனைப் பக்கத்தில் "தடித்த தகடு, மல்டி பாஸ் வேலைகளுக்கு ஏற்றது" என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். மல்டி பாஸ் என்றால் ரன்னுக்கு மேல் ரன் போடுவதுதானே. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

டார்ச்சை மைனஸுக்கு மாற்றி, பல் வைத்த ரோலர் போட்டு, டார்ச்சைப் பின்னால் இழுத்தபடி ஓட்டினேன். ஸ்லாக் விஷயத்துக்கு வருகிறேன். ரன்னின் நடுவில் இருப்பது சிப்பிங் சுத்தியால் ரெண்டு தட்டு தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்துவிடும். ரன் தகட்டைத் தொடுகிற இரு ஓரத்திலும் வேட்டிக் கரை மாதிரி ஒரு கறுப்புக் கோடு மட்டும் நிற்கும். புதுப் பையன்கள் ஏமாறுவது அங்கேதான். அடுத்த ரன்னின் சூட்டில் உருகி மேலே வந்துவிடும் என்று அதன் மேலேயே ஓட்டிவிடுவார்கள். நான் ஒவ்வொரு ரன்னுக்கும் மெல்லிய டிஸ்க் போட்டு அந்த ஓரத்தைத் திறந்து, உப்பலாக நின்ற இடத்தைச் சமப்படுத்தி, கம்பி பிரஷ் போட்டு, இரும்பு வெளுத்துத் தெரிந்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன்.

கேப்பிங் ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். சிவப்புச் சாயத்தால் விரிசலைக் காட்டுகிற டிபி டெஸ்ட் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பூச்சின் மேல் ரன்னின் நட்ட நடுவில் நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொண்டே இறங்கினேன். கேப்பிங்கையும் ஃபில்லிங் இரண்டையும் கடந்து ரூட்டுக்கு மேலே வந்துதான் விரிசல் நின்றது. ஸ்லாக் மாட்டியிருந்தால் ஓரத்திலோ ரன்னுக்கும் ரன்னுக்கும் நடுவிலோ கறுப்பாகக் கிடக்கும். ஒரு புள்ளிகூட இல்லை.

சந்தேகம் தீராமல் அதே ஸ்பூலில் இரண்டு துண்டு ஒட்டினேன். 4 மி.மீ. தகட்டில் ஒரே ரன் ஓட்டிய துண்டு வைஸில் அடிக்க அடிக்க மடங்கியது. 12 மி.மீ.யில் நான்கு ரன் ஓட்டியது மூன்றாவது அடியில் இரண்டாகிவிட்டது. உடைந்த முகம் கற்கண்டு மாதிரி மினுமினுக்கிறது.

அதன் பிறகுதான் ஸ்பூல் ஸ்டிக்கரின் பொடி எழுத்தைப் படித்தேன்: இ71டி-ஜிஎஸ். முதலிலேயே படித்திருக்க வேண்டும், அது என் தப்பு. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏ5.20 தரத்தில் ஜிஎஸ் என்று முடிகிற கம்பி ஒரே ரன் வேலைக்கு மட்டும் உரியது என்பது உங்களுக்குத் தெரியாதா? கேஸ் இல்லாத கம்பியில் காற்றைச் சமாளிக்க அலுமினியம் போன்றவற்றை உள்ளே அடைத்திருப்பார்கள். ஒரே ரன் என்றால் தகட்டு இரும்பும் நிறைய உருகிக் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். ரன்னுக்கு மேல் ரன் போட்டால் கலக்க ஏது தகடு? சேர்ந்துகொண்டே போய் வெல்டு நொறுங்குகிறது. எனக்கு வேண்டியிருந்தது இ71டி-11 வகை. அது மல்டி பாஸுக்கானது. ஸ்டிக்கரில் ஒன்று, விற்பனைப் பக்கத்தில் இன்னொன்று என்று போட்டது நீங்கள்.

பட்டறையிலேயே பார்த்துவிட்டதால் பிழைத்தோம். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர் தார் ரோட்டில் கொக்கி விட்டிருந்தால் பின்னால் வருகிற பைக்காரன் கதி? மொத்தத்தையும் அரைத்தெடுத்து இ7018-இல் மறுபடி போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கூலி போனது.

மூன்று ஸ்பூலுக்கான முழுப் பணத்தையும், அந்த இரண்டு நாள் கூலியையும் தர வேண்டும். இரண்டு ஸ்பூல் பிரிக்காமலே இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். விற்பனைப் பக்கத்தில் "மல்டி பாஸ்" என்ற சொல்லை உடனே நீக்குங்கள். பட்டறைக்காரன் நுகர்வோர் இல்லை என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சுயதொழிலில் பிழைக்கிறவன் தொழிலுக்கு வாங்கினாலும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்வேன்.

உடைந்த துண்டுகள் இரண்டும் பட்டறையில் இருக்கின்றன. வெல்டிங் தெரிந்த ஆளாக அனுப்பினால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், ஸ்டிக்கர் படம், விற்பனைப் பக்கத்தின் படம், டிபி டெஸ்ட் படங்கள்.