விதையோடு ப்ளீச்சும் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்காலத்தில் வீட்டுக் கொல்லையில் பறவைகளுக்குத் தீனி வைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, என்ன விதை வாங்கலாம் என்பதை விரிவாகவே சொல்லியிருந்தது. தீனிப்பெட்டியைக் கழுவுவது பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

மற்ற நேரத்தில் சிதறி மேயும் பறவைகள் தீனிப்பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றின் எச்சம் இன்னொன்றின் இரையில் விழுகிறது. 2020-21 குளிர்காலத்தில் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பைன் சிஸ்கின் என்னும் சிறு குருவிகள் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா தாக்கிக் கொத்துக்கொத்தாக மடிந்தன. பெட்டிகளைக் கொஞ்ச நாள் இறக்கி வையுங்கள் என்று அங்கே வனவிலங்குத் துறைகளே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மோசமானது விளிம்பு உயர்ந்த தட்டு. பறவை இரைமேலேயே நின்று தின்னும், அங்கேயே எச்சமும் இடும். பக்கத்துளைகள் வழியே விதை கொத்தும் குழாய்ப் பெட்டி தேவலை, ஆனால் அதிலும் ஒரு கோளாறு உண்டு. கடைசித் துளைக்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்துக்கு விதை தேங்கிவிடும்; எந்த அலகுக்கும் எட்டாது. பனி உருகி இறங்கும் ஈரத்தில் அது கட்டிதட்டிப் பூஞ்சை பூக்கும். நாம் மேலே புது விதையைக் கொட்டிக்கொண்டே இருப்போம். நிரப்பும் முன் குழாயைக் கவிழ்த்துத் தட்டுங்கள். இரண்டு நாளில் தீரும் அளவு போட்டால் போதும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழையும் உருகலுமாக இருந்தால் வாரம் ஒருமுறை, பெட்டியைப் பாகம் பாகமாகக் கழற்ற வேண்டும். முதலில் சோப்பு கலந்த வெந்நீரும் பிரஷும். எச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் ப்ளீச் வேலை செய்யாது என்பதால் இதைத் தாண்டிப் போக முடியாது. பிறகு 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊற வைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காய வையுங்கள். ஈரத்தோடு நிரப்பினால் மறுபடியும் பூஞ்சைதான். கையுறை அவசியம்; சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், சால்மொனெல்லா மனிதர்களுக்கும் தொற்றும். ப்ளீச்சோடு வினிகரைச் சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும்.

விதையைப் பொறுத்தவரை, மலிவான கலவைகளில் சிவப்புச் சோளம் நிறைய இருக்கும். சிறு குருவிகள் அதை ஒதுக்கித் தள்ளும். அது தரையில் அழுகி எலியைக் கூப்பிடும். தோல் மெல்லிய கறுப்புச் சூரியகாந்தி விதை ஒன்றே போதும். தரையில் மேயும் ஜுன்கோ என்னும் சிறு குருவிகளுக்கு ஒரு பிடி பனிவரகு தூவலாம்.

பெட்டி ஜன்னலிலிருந்து 1 மீட்டருக்குள் இருக்கட்டும், இல்லையேல் 10 மீட்டருக்கு அப்பால். மிரண்டு கிளம்பும் பறவை 1 மீட்டரில் வேகம் பிடிக்காது. 4, 5 மீட்டர் என்றால் முழு வேகத்தில் கண்ணாடியில் மோதும். பருந்துப் படம் ஒன்றை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது வீண். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் வேண்டும்.

கட்டுரை, வந்துபோன பறவைகளை எல்லாம் கூட்டி எழுதச் சொல்கிறது. அது தவறு. சிக்கடீ என்னும் சிறு பறவை ஒரு விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் போகும், கால்களுக்கிடையே இடுக்கிக் கொத்தி உடைக்கும், தின்றுவிட்டுத் திரும்பி வரும். பத்துத் தடவை வந்தது ஒரே பறவையாக இருக்கலாம். ஒரே பார்வையில் மூன்று தெரிந்து, பிறகு ஐந்து தெரிந்தால், குறிப்பேட்டில் 5 என்றுதான் எழுத வேண்டும், 8 அல்ல. வட அமெரிக்காவில் தன்னார்வலர்கள் தீனிப்பெட்டிப் பறவைகளை எண்ணும், நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை நடக்கும் 'பிராஜெக்ட் ஃபீடர்வாட்ச்' கணக்கெடுப்பிலும் இதுவே முறை.

எண்ணும்போதே நோயாளியும் கண்ணில் படும். குளிரில் எல்லாப் பறவையும் சிறகை உப்பிக்கொண்டுதான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கதவைத் திறந்ததும் மற்றவை பறக்க, ஒன்று மட்டும் உட்கார்ந்தே இருந்தால், விழுங்க முடியாமல் விதை அலகில் ஒட்டியிருந்தால், கண் வீங்கிச் சிவந்திருந்தால், அன்றே பெட்டியை இறக்கி இரண்டு வாரம் உள்ளே வையுங்கள். பட்டினி கிடக்குமே என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஆய்வில், தீனிப்பெட்டி அகற்றப்பட்ட இடத்துச் சிக்கடீக்கள், பெட்டியே கண்டிராதவற்றுக்குச் சமமாகவே குளிர்காலத்தைக் கடந்தன.

மீண்டும் தொங்கவிடும் முன் கீழே குவிந்த உமியையும் எச்சத்தையும் கூட்டி அள்ளி, மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள். முடிந்தால் பழைய இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி மாட்டுங்கள்.

இப்படிக்கு,
பறவை நோக்கும் வாசகர்