கையெழுத்தான சட்டத்துக்குத் தேதி குறியுங்கள்

மத்தியப் பணியாளர், பொதுமக்கள் குறைதீர்ப்பு, ஓய்வூதிய அமைச்சகத்துக்கு,

வணக்கம்.

அரசு வேலைகளில் நடக்கும் ஊழலைத் துணிந்து சொல்பவர்களைக் காக்கும் விசில்புளோயர்ஸ் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 2014 மே 9 அன்று ஒப்புதல் அளித்தார். இன்றுவரை அது அமலுக்கு வரவில்லை. அமலுக்கு வரும் தேதியை அரசிதழில் அறிவிக்க வேண்டியது மத்திய அரசு. அந்த அறிவிக்கையை வெளியிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சட்டத்தைத் திருத்திய பிறகு பார்ப்போம் என்றீர்கள். 2015இல் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா, 2019இல் அந்த அவை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது. பிறகும் ஏன் காத்திருக்கிறோம்?

அதுவரை, ஊழல் பற்றிப் புகார் தருவோரைக் காக்க மத்திய அரசு போட்ட 2004ஆம் ஆண்டுத் தீர்மானம் போதும் என்கிறீர்கள். அது எதனால் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே, சாலை வேலையில் நடந்த ஊழலைப் பற்றித் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதம், பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தத் தீர்மானத்தின்படி புகார் செய்பவர் உறையை ஒட்டி, மேலே 'பி.ஐ.டி.பி.ஐ.' (பொதுநல வெளிப்பாடு, தகவல் தருவோர் பாதுகாப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். உறை மேல் அனுப்புநர் பெயர் கூடாது. உள்ளே பெயரும் முகவரியும் கட்டாயம். மொட்டைக் கடிதம் செல்லாது. எழுதியது அவர்தானா என்று ஆணையம் கடிதம் போட்டு உறுதி செய்துகொள்ளும். புகாரின் வாசகத்திலோ, எழுதியவர் யார் என்று துப்புத் தரும் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் சரிபார்க்கத் தக்க விவரம் இருந்தே ஆக வேண்டும்.

இந்த இரண்டும் ஒரே தாளில் எப்படி அமையும்? மத்திய அரசுத் துறை ஒன்றின் சாலை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்படி தார்க்கலவை 40 மி.மீ. கனம், போட்டது 25. வேலையின் அளவைப் பதியும் ஏடான எம்-புக்கில் பதிவானது 40. எந்தக் கிலோமீட்டர், எம்-புக்கில் எந்தப் பக்கம், எந்த பில் என்று எழுதாவிட்டால் விவரம் போதாது என்று புகாரை மூடிவிடுவார்கள். எழுதினால், அந்தப் பக்கம் யார் யார் கையில் இருந்தது என்று பார்ப்பார்கள். அளவைப் பதிந்த இளநிலைப் பொறியாளர், சரிபார்த்த உதவிப் பொறியாளர், பில் போட்ட கணக்கர். மூன்றே பேர். பெயரை எத்தனை உறைக்குள் ஒளித்து என்ன பயன்? அடுத்து 'நிர்வாக நலன் கருதி' இடமாற்றம், பிறகு குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதன் பிறகு ஊதிய உயர்வு நிறுத்தம். இவை பழிவாங்கல் என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான்.

2014 சட்டம் இந்தப் பாரத்தைத்தான் இடம் மாற்றுகிறது. எடுத்த நடவடிக்கை பழிவாங்கல் அல்ல என்று அரசுத் துறைதான் நிரூபிக்க வேண்டும். புகார் செய்தவரின் பெயரைக் கசியவிட்டவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்தவருக்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு என்பதால், தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற பேச்சுக்கும் இடமில்லை. முக்கியமாக, இது மாநில அரசு ஊழியர்களுக்கும் பொருந்தும். 2004 தீர்மானம் மத்திய அரசையும் அதன் நிறுவனங்களையும் தாண்டாது. ரேஷன் கிடங்கிலோ மாநில நெடுஞ்சாலையிலோ நடக்கும் கொள்ளையைச் சொன்ன தமிழக ஊழியர் 17(பி) குறிப்பாணையை, அதாவது பெருந்தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணையை, கையில் வைத்துக்கொண்டு எங்கே போவார்?

பாதுகாப்பே தராத நாம், மற்ற நாடுகள் எதுவரை போயிருக்கின்றன என்பதையாவது பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1863 முதல் பொய்க் கோரிக்கைச் சட்டம் இருக்கிறது. அரசிடம் பொய் பில் கொடுத்துப் பணம் வாங்கியவர் மீது, விவரம் அறிந்த எவரும் அரசின் சார்பில் சிவில் வழக்குப் போடலாம். மனு முதலில் 60 நாள் முத்திரையிட்டு வைக்கப்படும், எதிராளிக்கே தெரியாது. அதற்குள் அரசு விசாரித்து, வழக்கைத் தானே நடத்துவதா என்று முடிவு செய்யும். இழப்பைப் போல மும்மடங்கு வசூலிக்கலாம். அரசு நடத்தினால் வழக்குப் போட்டவருக்கு வசூலில் 15 முதல் 25 விழுக்காடு. அவரே நடத்தினால் 25 முதல் 30. குறையும் உண்டு: 60 நாள் என்பது நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

தரம் குறைந்த மருந்தை அங்கே விற்ற இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்ஸியின் வழக்கு அப்படித்தான் இழுத்தது. அதன் முன்னாள் அதிகாரி தினேஷ் தாக்கூர் 2007இல் அங்கே தொடுத்த வழக்கு 2013இல் முடிந்தது. நிறுவனம் 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது; அவருக்கு 4.8 கோடி டாலருக்கு மேல் பங்கு கிடைத்தது. ஆலைகள் இருந்ததோ இங்கே, பவுன்டா சாஹிப்பிலும் தேவாஸிலும். இந்திய நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் அறிந்து சொன்ன உண்மையால் அமெரிக்கக் கருவூலத்துக்குப் பணம் திரும்பியது. நம் அரசு மருத்துவமனைகள் இப்படி ஏமாற்றப்பட்டால், அவற்றுக்காக இப்படியொரு வழக்குப் போட இங்கே வழியே இல்லை. வெளிநாட்டில் பதுக்கிய பணத்தைப் பற்றித் துப்புக் கொடுத்தால் 5 கோடி ரூபாய் வரை வெகுமதி என்று வருமான வரித் துறை 2018இல் திட்டம் போட்டது. அரசுக்கு வந்த பொய் பில்லைக் காட்டிக் கொடுப்பவருக்கு வெகுமதி வேண்டாம், வேலையாவது மிஞ்ச வேண்டாமா?

அமெரிக்கா போன்ற வழக்குரிமைக்குப் புதிதாகச் சட்டம் வேண்டும். அதற்கு நாளாகும் என்பது புரிகிறது. 2014 சட்டத்துக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதி குறிக்க அதன் முதல் பிரிவே இடம் தருகிறது. ரகசியம் காப்பது, பழிவாங்கலைத் தடுப்பது, பெயரைக் கசியவிட்டால் தண்டனை ஆகிய பிரிவுகளையாவது முதலில் அமலாக்குங்கள். திருத்தம் தேவையென்றால் பிறகு நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவரலாம். வரும் கூட்டத்தொடருக்குள் அந்த அறிவிக்கையை வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.