சொற்பொழிவு மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் கோயில் சொற்பொழிவு மண்டபத்தில் எடுத்துக்கொண்ட ஒலிச் சீரமைப்புப் பணி இறையருளால் நிறைவடைந்தது.

"சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்பதுதான் பல வருடமாக வந்த குறை. பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம் என்று பலர் சொன்னார்கள். குழு அதற்கு இசையவில்லை. மண்டபம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், கான்கிரீட் கூரை எதுவும் ஒலியை உறிஞ்சுவதில்லை. ஓர் உயிரோசை அடங்குவதற்குள் அடுத்த மெய் வந்து அதில் மூழ்கிவிடும். பட்டு, பத்து, பற்று மூன்றும் பின்வரிசைக்கு ஒன்றுபோலவே விழும். வால்யூமைக் கூட்டினால் எதிர்முழக்கமும் சேர்ந்தே கூடும்.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஃபாக் விரிவுரை அறையில் இதே தொல்லை இருந்தது. அங்கே ஒரு சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆனது. அங்கே பணியாற்றிய இயற்பியலாளர் வாலஸ் சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எவ்வளவு மெத்தைக்கு எவ்வளவு முழக்கம் குறைகிறது என்று அளந்தார். உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் ஒலியை உறிஞ்சுவார்கள். திருவிழாக் கூட்டத்தில் ஓரளவு புரிந்த பேச்சு, முப்பது பேர் வந்த வார நாளில் புரியாமல் போனதன் காரணம் இதுதான்.

அதனால் கூரையிலும் பின்சுவரிலும் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வைத்து, அதன்மேல் மர இழையும் சிமென்ட்டும் சேர்த்து அழுத்திய பலகைகளைப் பொருத்தினோம். பின்சுவரை விடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். மேடையிலிருந்து அதுவரை போய்த் திரும்பும் ஒலி சுமார் 0.14 வினாடி கழித்து முன்வரிசைக்கு வருகிறது. 0.05 வினாடிக்குள் வரும் எதிரொலி பேச்சுக்குத் துணை. அதற்குப் பின் வருவது பகை. மேடைக்கு மேலுள்ள கூரையை மட்டும் அப்படியே விட்டோம். ஓதுவார் தேவாரம் பாடும்போது குரலுக்கு அந்தக் கார்வை வேண்டும். அதையும் துடைத்துவிட்டால் பண் வறண்டுபோகும்.

மின்விசிறிகளை ஏன் மாற்றினோம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். பழைய 48 அங்குல விசிறி நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றும்போது இறக்கையின் நுனி நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் போகிறது. இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனியைச் சுற்றிக் காற்று மேலேறிச் சுழிக்கிறது. அந்தச் சுழிப்பும் கொந்தளிப்பும்தான் நாம் கேட்ட இரைச்சல். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கும். ஆனால் காற்றும் பாதியாகும். அதை ஈடுகட்ட விட்டம்தான் வழி, அது கூடக்கூடக் காற்று பல மடங்கு பெருகும். இப்போது மாட்டியிருக்கும் இரண்டு 16 அடி விசிறிகள் நிமிடத்துக்கு 40 சுற்றில் ஓடுகின்றன. நுனி வேகம் 10 மீட்டர்தான். இறக்கைகள் தகடுபோல் இல்லாமல் விமான இறக்கை வடிவில் இருப்பதால் காற்று பிய்ந்து கொந்தளிக்காமல் ஒட்டி வழிகிறது.

இன்னொரு குறையும் இதோடு தீர்ந்தது. பழைய ஸ்பீக்கர்கள் விசிறிக்கு மேலே தொங்கின. சுற்றும் இறக்கைகள் வெட்டி வெட்டிக் குரலை நடுங்க வைத்தன. இப்போது சுவரோரம் தூண்போல் ஒல்லியாக நீண்ட ஸ்பீக்கர்கள் உள்ளன. அவை ஒலியைக் கூரைக்கு அனுப்பாமல் காதுமட்டத்தில் விரிக்கின்றன. மண்டப நடுவில் உள்ள ஸ்பீக்கர் ஜோடிக்கு 45 மில்லிவினாடி தாமதம் கொடுத்திருக்கிறோம். மேடை ஒலி மண்டப நடு வரையுள்ள 12 மீட்டரைக் கடக்க 34 மில்லிவினாடி ஆகும். சற்றே பிந்தி வருவதால் பின்வரிசையில் இருப்பவருக்கும் குரல் பேசுபவரின் வாயிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, உறுப்பினர்கள் பார்க்கலாம். வேலை முடியும்வரை பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் குழுவின் நன்றி.

அப்புறம், பராமரிப்பு பற்றி ஒரு வேண்டுகோள். கூரைப் பலகைகளுக்கு யாரும் பெயின்ட் உபயம் செய்ய வேண்டாம். பெயின்ட் துளைகளை அடைத்துவிட்டால் பலகை வெறும் சுவராகிவிடும். தூசியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் போதும். விழாக்களுக்கு வெளியிலிருந்து பெரிய ஸ்பீக்கர் கொண்டுவருபவர்கள் முன்கூட்டியே குழுவிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு